மதினி தந்த அமானிதம்

யுத்தம் முடிந்த மறு வருடம், கல்முனையில், எங்கள் குடும்பத்தில் நடந்தது இது. நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். இலக்கம் போடாமல் எனக்கு எதுவும் பிடிபடாது.

1. 2004 டிசம்பர் இருபத்தாறில் கடல் வந்தது. வாப்பாவையும், என் அக்கா ராத்தாவுக்குச் சீதனமாக வாப்பா கட்டிக்கொடுத்த வீட்டையும் கொண்டுபோனது.

2. உம்மாவும் நானும் அக்கரைப்பற்றில் உம்மாவின் தங்கை சாச்சி வீட்டுக்குப் போனோம். ராத்தாவும் மச்சானும் மாவடிப்பள்ளியில் மச்சானின் அக்கா வீட்டுக்குப் போனார்கள். அந்த அக்காவை ராத்தா மதினி என்று கூப்பிடுவார். நானும் அப்படித்தான்.

3. அங்கே இருக்கும்போது ராத்தாவுக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. பிறகு இரத்தமும் போனது. தண்ணீர் பிழை என்றார்கள், பயம் என்றார்கள், கண்ணூறு என்றார்கள். கமரா விட்டுப் பார்த்த பிறகுதான் பெயர் தெரிந்தது: அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உட்பக்கம் புண்ணாகி, ஆறுவதும் திரும்ப வருவதுமாக இருக்கிற நோய்.

4. அந்த வீட்டில் மதினி ஒரு வார்த்தை சொன்னார்.

5. சுனாமி வீட்டுத் திட்டத்தில் வீடு கிடைத்து, ராத்தா கல்முனைக்குத் திரும்பினார்; உம்மாவும் நானும் அவரோடு சேர்ந்துகொண்டோம். அன்றிலிருந்து ராத்தாவுக்கு மதினியோடு பேச்சு இல்லை.

6. யுத்தம் முடிந்தது.

7. அடுத்த வருடம், மருந்து எதுவும் கேட்கவில்லை, பெருங்குடலை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நாளும் குறித்தார்.

8. அதற்கு முன் ஒன்றைச் செய்து பார்க்கலாம் என்றும் சொன்னார்.

9. நான் ஒரு பட்டியல் போட்டேன். அது பிழையாகப் போனது.

நாலாவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். பெண் தன் வீட்டில், தன் தாய்க்குப் பக்கத்தில் இருப்பாள். புருஷனின் அக்கா வீட்டில் போய் ஒரு பெண் குடியிருப்பது வழக்கத்தில் இல்லை. கடல் அந்த வழக்கத்தை இரண்டு வருடத்துக்குத் தலைகீழாக்கிவிட்டது. மாவடிப்பள்ளி வீட்டில் எல்லோருமாக ஏழு பேர். கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கக்கூசு. ராத்தாவுக்கோ நாளுக்குப் பத்து, பன்னிரண்டு தடவை போக வேண்டும். ஒரு நாள் காலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக அந்தரப்பட்டு நிற்கும்போது, மதினி கிணற்றடியில் நின்று வளவுக்கே கேட்கச் சொன்னார்:

"தம்பிட பொண்டாட்டிக்கு வாப்பா குடுத்த ஊட்டக் கடல் கொண்டு போயிட்டு. இப்ப என்ட கக்கூசத்தான் ஊடாக்கி இரிக்கா."

ராத்தா உள்ளே இருந்தார். எல்லாம் கேட்டது. வீட்டை மட்டும் சொல்லியிருந்தால் மறந்திருப்பார். அந்த வீட்டோடு போனவர் வாப்பா.

ராத்தா இரண்டாம் வகுப்புக்குப் படிப்பிக்கிற ஆசிரியை. நோய் முற்றியபோது சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தார். வெளியே போவதென்றால் அவருக்கு ஊர் வேறு மாதிரித் தெரியும். கல்முனையில் இருந்து அக்கரைப்பற்று வரை எந்தக் கடையின் பின்னால் கக்கூசு இருக்கிறது, எதற்குச் சாவி கேட்க வேண்டும், எதில் தண்ணீர் வராது என்று மனப்பாடமாகச் சொல்வார். யுத்தத்தில் யார் யார் எதை இழந்தார்கள் என்பது இந்தக் கட்டுரைக்குள் அடங்காது. ராத்தாவுக்கு அதன் முடிவு ஒரு வழியில் வந்து சேர்ந்தது. சோதனைச்சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கி வெயிலில் வரிசையாக நிறுத்துவது மெல்ல மெல்லக் குறைந்தது. ஆனால் அப்போது அவரால் பஸ்ஸிலேயே ஏற முடியாத நிலை.

டாக்டர் இருந்தது ஐந்து மணித்தியாலப் பயணத் தூரத்தில், மலைப்பக்கத்து நகரம் ஒன்றில். சிங்களவர். வெளிநாட்டில் மேற்படிப்பு முடித்துத் திரும்பியவர். தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, எடுத்த சொல்லைக் கவனமாக வைப்பார். அறுவைக்கு நாள் குறித்த அன்று பேனையை மூடிவிட்டு, எங்கள் மூவரையும் பார்த்து இப்படிச் சொன்னார்:

"நல்ல சுகமான ஆள் ஒருத்தர் வேணும். அவர் மலம் எடுக்கிறது. உப்புத் தண்ணி கலந்து, வடிச்சு, இவங்களுக்குப் பின்பக்கத்தால உள்ள விடுறது. ஒவ்வொரு நாளும், அஞ்சு நாள். அதில இருக்கிற நல்ல கிருமிகள் உள்ள குடியேறினா, குடல் ஆறலாம்."

ராத்தா என்னைப் பார்த்தார். "என்னவாம்?"

அவருக்கு விளங்காமல் இல்லை. விளங்கியது சரியா என்று கேட்டார். நான் திருப்பிச் சொன்னேன். மச்சான் வாயைக் கையால் மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"சிரிக்காதீங்க" என்றார் ராத்தா.

"நான் சிரிக்கல்ல. மருந்துக்கடையில இது கிடைக்காதே எண்டு யோசிக்கிறன்."

நான் டாக்டரிடம் கேட்டது ஒன்றுதான். இது ராத்தாவுக்குப் பலிக்குமா? அவர் தலையை ஆட்டினார். சிலருக்குப் பலிக்கிறது, சிலருக்குப் பலிக்கவில்லை. யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இன்றைக்கு யாருக்கும் தெரியாது என்றார். வேறு வழியெல்லாம் முடிந்த பிறகு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, இப்படி இரண்டொருவருக்குத்தான் செய்திருக்கிறாராம்.

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. தெரியாது என்ற சொல்லை எங்கள் அறிக்கைகளில் நாங்கள் எழுதுவதில்லை. வாடகை வான் கல்முனையை வந்தடைவதற்குள் என் கொப்பியில் இரண்டு அட்டவணை தயார்.

முதலாவது, ராத்தாவுக்குப் பலிக்குமா என்ற கணிப்பு. நோய் எத்தனை வருடம், குடலில் எவ்வளவு தூரம், எடை, இரத்தத்தின் அளவு, எந்தெந்த மருந்து தோற்றது என்று ஒவ்வொன்றுக்கும் கூட்டலோ கழித்தலோ போட்டேன். எல்லாம் கழித்தலாகவே வந்தது. அடியில் பென்சிலால் 'பலிக்காது' என்று எழுதி, யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டேன். அறுவைக்குக் கொண்டுபோக வேண்டிய சாமான்களின் பட்டியலையும் அடுத்த பக்கத்தில் எழுதினேன். குடலை எடுத்து வயிற்றில் பை வைத்த பிறகு நன்றாக வாழ்கிற பலரை எனக்குத் தெரியும். ராத்தாவிடம் அதைச் சொன்னேன்.

"அவங்கட கதைய விடு தங்கச்சி. அவங்க நல்லா இருக்கட்டும். எனக்கு என்ட குடல் வேணும்."

இரண்டாவது அட்டவணை, யார் தரலாம் என்பது. இதில்தான் நான் பிழை விட்டேன். எங்கள் பக்கத்தில் குடி என்று ஒன்று உண்டு. அது தாய்வழியாக வருவது. உம்மாவின் குடிதான் ராத்தாவின் குடி, என் குடி. அதே குடியில் இருந்து பதினொரு பேரைத் தெரிந்தெடுத்து, வயது, பழக்கம், சாப்பாடு என்று புள்ளி போட்டேன். ஒரே இரத்தம் அல்லவா, பொருந்தும் என்று நினைத்தேன். இதைப் பொருத்தம் பார்க்கிற விஷயமாக நான் ஏன் எடுத்தேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பதினொரு பேரில் முதலிடம் எனக்கு. நான் கொதித்தாறிய தண்ணீர்தான் குடிப்பேன். மற்றவர்களையும் குடிக்க வைப்பேன். என்னில் பிழை இராது என்ற உறுதியில், என்னைச் சோதிப்பதைக் கடைசிக்கு வைத்தேன்.

மச்சானை இலகுவாகக் கழித்துவிட்டேன். காலில் ஆணி குத்தி, இரண்டு கிழமைக்கு முன்புதான் அன்டிபயோட்டிக் முடித்திருந்தார். அந்த மருந்து நல்ல கிருமிகளையும் அழித்துவிடும். அவர் அதில் ஆறுதலடைந்தார் என்றே நினைக்கிறேன். தன் பங்குக்குப் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் போய் மார்க்கத்தில் இது ஆகுமா என்று கேட்டுவந்தார். ஹஸ்ரத் முதலில், வாயால் குடிக்கிறதா என்று கேட்டாராம். இல்லை என்றதும் நன்றாக மூச்சு விட்டுவிட்டு, நம்பிக்கையான டாக்டர் வேறு வழியில்லை என்று சொன்னால் வைத்தியத்துக்காகச் செய்யலாம், தொழுகைக்கு முன் சுத்தம் செய்துகொள்ளுங்கள் என்றாராம். பெயர் சொல்லி வீடுவீடாகக் கேட்க நாக்குக் கூசியதால் மச்சான் அதற்கு 'அமானிதம்' என்று பெயர் வைத்தார். நம்பித் தருகிற பொருள் என்றுதானே அர்த்தம், பிழையில்லை என்றார்.

நான் மூடி இறுக்கமான போத்தல்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். உம்மாவின் மூத்த தம்பி வீட்டில்தான் முதல் போத்தல். மாமா கேட்டு முடிக்கும் வரை பொறுமையாக இருந்தார்.

"ஏன் புள்ள, இரத்தம் கேட்டா நீட்டியிருப்பன். கிட்னி கேட்டாலும் உன்ட மாமியக் கேட்டுட்டுத் தந்திருப்பன். இதக் கேட்டு வாறியே."

"மாமா, இது கிட்னியவிட லேசு."

"உனக்கு லேசு. நாளைக்குப் பள்ளியில பக்கத்துல நிக்கிறவன் என்னப் பாத்துச் சிரிப்பான்."

அப்படிச் சொன்னாலும் மறுநாள் காலை போத்தல் வந்தது, மூன்று பத்திரிகைத் தாளில் சுற்றி. அதில் கொக்கிப்புழு முட்டை. அடுத்தவருக்கு மஞ்சள் காமாலைக் கிருமி இரத்தத்தில் இருந்தது. அவருக்கே அன்றுதான் தெரிந்தது, இப்போது மருத்துவம் செய்து சுகமாக இருக்கிறார். சாச்சி வீட்டில் இரண்டு பேர் அன்டிபயோட்டிக் குடித்திருந்தார்கள். ஒருவருக்கு நீரிழிவு. ஒருவர் கலியாணம் பேசி இருக்கிற நேரத்தில் இந்தக் கதை வெளியே போனால் என்னாவது என்று மறுத்துவிட்டார். அதில் நியாயம் இருந்தது. மற்ற நாலு பேரும் இப்படியே ஒவ்வொரு காரணத்தால் கழிந்தார்கள். கிழமை முடிய என் பட்டியலில் மிஞ்சியது நான் ஒருத்திதான். எனக்குள் ஒரு பெருமை.

என் மாதிரியை நானே நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தேன். விதிப்படி அது கூடாது. வேறொருவர் பார்க்க வேண்டும். அவசரத்தில் பார்த்தேன். முட்டை வடிவத்தில், மெல்லிய சுவரோடு, வரிசையாகக் கிடந்தன. ஜியார்டியா. பிழையான தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வருகிற ஒட்டுண்ணி. பக்கத்து மேசையில் இருக்கிற கூட்டாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன், யாருடையது என்று சொல்லாமல்.

"நல்லா வளந்திரிக்கி. இவர் எங்க சாப்பிடுறவர்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, பஸ் நிலையத்தில் தள்ளுவண்டிக்காரரிடம் மாங்காய் அச்சாறு வாங்கிச் சாப்பிடுவேன். ஒவ்வொரு நாளும். வீட்டில் யாருக்கும் தெரியாது. வண்டிக்காரர் கரண்டியைக் கழுவுகிற வாளியை நான் பார்த்ததுண்டு, பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

டாக்டருக்குத் தொலைபேசி எடுத்து, எங்கள் சொந்தத்தில் ஒருவரும் தேறவில்லை என்றேன். அறுவைக்கு இன்னும் ஐந்து கிழமைதான் இருந்தது. அவர் கேட்டார்: "ஏன் சொந்தக்காரர் மட்டும் பாத்தது? இது கிட்னி இல்லையே."

தொலைபேசியை வைத்த பிறகும் என் காது சுட்டது. படித்ததெல்லாம் மண்டைக்குள் இருக்க, கை குடி பார்த்துப் பட்டியல் எழுதியிருக்கிறது. குடலில் வாழ்கிற கிருமிகளுக்குக் குடி ஏது.

மச்சானிடம் சொன்னேன். அவர் சாறனின் நுனியைப் பிடித்து மடித்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்கட ஊட்டுப் பக்கத்து ஆக்கள் ஒருத்தரும் உன்ட பட்டியல்ல இல்ல. நான் கேக்கப்படாது எண்டு இருந்தன்" என்றார். பிறகு, "மாவடிப்பள்ளியில இரிக்கிறவ வருத்தம் எண்டு படுத்த நாள் எனக்கு ஞாபகம் இல்ல" என்றார்.

ராத்தாவுக்குச் சொல்லாமல் போனேன். அது அறுவடைக் காலம். மதினி வளவில் பெரிய கிடாரத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தார். முக்காட்டை இறுக்கி முடிந்து, அகப்பையைத் தோணித் துடுப்பு மாதிரிப் பிடித்திருந்தார். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. முடிந்ததும் அகப்பையைக் கீழே போட்டுவிட்டு, அரிசி இடிக்கிற உரலில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"என்ட பீ மருந்தாமா? இத்தன வருசமா வீணாக்கிட்டனே."

சிரித்து ஓய்ந்த பிறகு என்னை நேரே பார்த்தார்.

"அவ சொல்லியா வந்தாய்?"

"இல்ல மதினி. அவவுக்குத் தெரியாது."

"அப்ப என்னத்துக்கு என்னக் கேக்காய்? போய் அவவக் கேளு. அவ ஓம் எண்டா, நான் வாறன். அவ வேணாம் எண்டா, என்ட சாமான் எனக்கு." எழுந்து நெல்லைக் கிண்டத் தொடங்கினார். நான் படலையைத் திறக்கும்போது பின்னால் இருந்து குரல் வந்தது. "போத்தல வெச்சிட்டுப் போ. சோதிச்சிப் பாக்கிறதுல என்ன."

வயலில் சேற்றுக்குள் நிற்கிறவர், வாய்க்கால் தண்ணீரில் கை கழுவுகிறவர். நிச்சயம் புழு இருக்கும் என்று நினைத்தேன். மூன்று நாள் மாதிரி பார்த்தோம். இந்த முறை நான் பார்க்கவில்லை, கூட்டாளி பார்த்தார். ஒன்றும் இல்லை. இரத்தத்தை எடுத்தனுப்பினேன்; அதில் செய்ய வேண்டிய எல்லாச் சோதனையையும் டாக்டரின் ஆஸ்பத்திரியிலேயே செய்தார்கள். அதிலும் ஒன்றும் இல்லை. அறிக்கையின் ஒவ்வொரு வரியிலும் 'இல்லை', 'இல்லை', 'இல்லை'. அவ்வளவு அழகான அறிக்கையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதைக் கொண்டுபோய் ராத்தாவின் முன்னால் வைத்தேன். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். எடை மிகவும் குறைந்து, வளையல் முழங்கை வரை ஏறும்.

"ஆர்ட இது?"

சொன்னேன்.

"அவ என்னச் சொன்ன கதை உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"வாப்பாட ஊட்டச் சொன்னா."

"தெரியும் ராத்தா."

அறிக்கையை மடித்து வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எழும்பப் போனேன். அப்போது அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"நான் அவகட கக்கூசுக்குள்ள குடியிருக்கன் எண்டு சொன்னா. மறுகா இப்ப அவகட கக்கூசு எனக்குள்ள குடியிருக்க வருதா? வரட்டும் புள்ள. வாடகை கேக்கமாட்டன்."

அடுத்த கிழமை வானில் புறப்பட்டோம். முன்சீட்டில் ராத்தா, கடைசிச் சீட்டில் மதினி, நடுவில் மச்சானும் நானும். வழியில் மூன்று இடத்தில் ராத்தாவுக்காக நிறுத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் மதினிதான் முதலில் இறங்கினார். போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொல்வார்: "தண்ணி இரிக்கி எண்டு சொல்லு." அல்லது, "இதுல வேணாம், கதவு பூட்டுப்படாது எண்டு சொல்லு." ராத்தா இரண்டடி தள்ளித்தான் நிற்பார். நான் திரும்பச் சொல்வேன். மொழிபெயர்ப்பாளர் வேலை எனக்கு.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் மேல்மாடியை எடுத்திருந்தோம். இரண்டு அறை, ஒரு கக்கூசு. காலை எட்டு மணிக்குள் அமானிதம் கைக்கு வர வேண்டும் என்பது கட்டளை. புதிதாக இருக்க வேண்டும்.

முதல் நாள், விடிகாலை ஸுபஹு தொழுது முடித்த கையோடு மதினி போத்தலோடு உள்ளே போனார். ஆறரை ஆனது. வெளியே வந்தார், வெறுங்கையோடு. மச்சான் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். திரும்பப் போனார். ஏழு ஆனது. மச்சான் கடைக்கு ஓடிப் பப்பாசி வாங்கி வந்தார். மதினி பப்பாசியையும் சாப்பிட்டுவிட்டுப் போனார். நான் மணிக்கூட்டைப் பார்ப்பதும் கதவைப் பார்ப்பதுமாக நின்றேன்.

"எட்டு மணிக்குக் குடுக்கணும் எண்டாங்க" என்றார் மச்சான் கதவைப் பார்த்து.

உள்ளே இருந்து மதினி சொன்னார்: "ஊருல மணிக்கூடு மாதிரி இரிக்கும். இஞ்ச வந்து அடம்பிடிக்குது. நீங்க ரெண்டு பேரும் வாசல்ல காவல் நிண்டா எப்படிடா வரும்?"

குரல் சிரிப்பாக இருந்தாலும் எனக்கு விளங்கியது. தன்னால் இது கெட்டுப்போகப் போகிறது என்று பயந்துவிட்டார். ஏழே கால். ராத்தா கட்டிலில் இருந்து இறங்கினார். சுவரைப் பிடித்து நடந்து கதவடிக்கு வந்தார். எங்கள் இருவரையும் தள்ளிப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"மதினி."

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"மதினி, அவசரப்படாதீங்க. ஆறுதலா இருந்து வாங்க. நாங்க பொறுப்பம்."

நான்கு வருடத்தில் அவர் மதினியோடு நேரே கதைத்த முதல் கதை அது. ஒரு கக்கூசுக் கதவடியில் நின்று அப்படிச் சொல்வதென்றால் என்ன என்று அந்த வீட்டில் ராத்தாவை விட யாருக்கும் தெரியாது. பிறகு உள்ளே இருந்து, "ஓம் புள்ள" என்று வந்தது. அதற்குப் பின்னால், மெதுவாக:

"அண்டைக்கு உன்ன நான் அப்படிச் சொல்லியிருக்கப்படா."

மன்னிப்புக் கேட்கிற இடம் அதுவல்ல. ஆனால் நடுவில் கதவு சாத்தியிருந்தது இரண்டு பேருக்கும் வசதியாக இருந்திருக்கும்.

"அத விடுங்க. நீங்க வந்த வேலையப் பாருங்க" என்றார் ராத்தா.

உள்ளே மதினி சிரிக்கத் தொடங்கினார். வெளியே ராத்தா சிரித்தார். மச்சான் படிக்கட்டில் உட்கார்ந்து முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டார். சிரிப்பு உதவியதா, பப்பாசி உதவியதா தெரியாது. ஏழு நாற்பதுக்குக் கதவு திறந்தது. தாளில் சுற்றிய போத்தலை என் கையில் வைத்து, "இந்தா, அமானிதம். விழுத்திப் போட்டுராத" என்றார் மதினி.

அதன் பிறகு நாலு நாளும் ஒரு பிரச்சினையும் இல்லை. தாதியும் நானும் முகமூடி கட்டிக்கொண்டு கலக்கி, துணியில் வடிப்போம். டாக்டர் செய்வார். ராத்தா இடப்பக்கம் சரிந்து, சொன்ன நேரம் வரை அசையாமல் கிடப்பார். மதினி பக்கத்துக் கதிரையில் இருந்து அறுவடைக் கதை சொல்லி நேரத்தைப் போக்குவார். சிரிக்க வைக்கக் கூடாது என்று தாதி இரண்டு தரம் ஏசினார். (இதை வாசித்துவிட்டு யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். சோதிக்காத மலத்தில் என்னென்ன இருக்கும் என்பதற்கு நானே சாட்சி.)

திரும்பி வந்து முதல் கிழமை ஒரு மாற்றமும் இல்லை. நான் பென்சிலால் எழுதியதை யோசித்துக்கொண்டேன். இரண்டாம் கிழமை நடுவில், வேலை நேரத்தில் என் தொலைபேசி அடித்தது.

"தங்கச்சி, இண்டைக்கு ஒருக்காத்தான்."

"என்ன ஒருக்கா?"

"காலையில ஒருக்காப் போனன். பின்னேரமாகிட்டு. இன்னும் போகல்ல."

"இரத்தம்?"

"இல்ல."

"இறுக்கமா, தண்ணியா? நிறம் என்ன? சளி மாதிரி..."

"வந்து பாத்துட்டுப் போறியா புள்ள?"

நான் சிரித்த சத்தத்துக்கு வரிசையில் நின்ற நோயாளிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டு, அடுத்த ஊசியை எடுத்தேன்.

டாக்டர் அறுவையைத் தள்ளிப் போட்டார். திரும்பக் கமரா விட்டுப் பார்த்தபோது புண் ஆறத் தொடங்கியிருந்தது. அறுவை வேண்டாம், பார்த்துக்கொண்டிருப்போம் என்றார். அன்று என் கொப்பியை எடுத்து அவரிடம் காட்டினேன். அவர் ஒவ்வொரு வரியாக வாசித்தார். கழித்தல் எல்லாம் சரியான கழித்தல்தான் என்றார். இதே மாதிரிச் செய்த இன்னொரு நோயாளிக்கு எல்லாம் கூட்டலாக இருந்தும் பலிக்கவில்லை என்றும், அவர் அறுவை செய்துகொண்டு இப்போது நல்ல சுகம் என்றும் சொன்னார். கொப்பியைத் திருப்பித் தரும்போது, "நீங்க கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லுங்க" என்றார். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

ராத்தாவுக்கு எடை கூடியது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் என்னையும் இழுத்துக்கொண்டு கல்முனை பஸ் நிலையத்துக்குப் போய், அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினார். ஜன்னல் பக்கம் இருந்தார். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் என்று பஸ் போனது. ஒரு இடத்திலும் எங்களை இறக்கவில்லை, ஒரு இடத்திலும் அவருக்கு இறங்க வேண்டியிருக்கவில்லை. அக்கரைப்பற்றில் இறங்கி, சாச்சி வீட்டுக்குப் போகாமல், கடையில் இரண்டு ஐஸ்கிறீம் சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தோம். ஏன் போனோம் என்று உம்மா கேட்டார்.

"சும்மா" என்றார் ராத்தா. பிறகு, "ஒரு அலுவலும் இல்லாமப் போய் வந்தன் உம்மா" என்று அதையே ஒரு செய்தி மாதிரித் திரும்பவும் சொன்னார்.

இன்றைய நிலைமை இது. ராத்தாவுக்கு அதன் பிறகு இரண்டு முறை நோய் திரும்ப வந்தது; இரண்டு முறையும் மாத்திரையில் அடங்கியது. ஒரு மாத்திரை இப்போதும் குடிக்கிறார், வருடம் ஒருமுறை கிளினிக் போகிறார். பெருங்குடல் அவரிடமே இருக்கிறது. படிப்பிக்கிறார். இந்த வைத்தியத்தில் யாருக்குப் பலன் கிடைக்கும் என்று குடலின் கிருமிகளைக் கொண்டு முன்கூட்டிச் சொல்ல உலகத்தில் பலர் முயன்றுகொண்டிருக்கிறார்கள். கிடைப்பதையெல்லாம் வாசிக்கிறேன், உறுதியான விடை இன்னும் வரவில்லை. வரும் என்று நம்புகிறேன். அதுவரை, தங்கள் ஆளுக்கு இது பலிக்குமா என்று கலங்கிப்போய் யாராவது என்னிடம் கேட்டால், எனக்குத் தெரியாது, ஆனால் தெரியாது என்பது பலிக்காது என்பது அல்ல என்று தயங்காமல் சொல்கிறேன்.